மறை விழுந்த குட்டியை ஒதுக்காதீர்கள்: ராஜபாளையம் நாய் வளர்ப்போருக்கும் கண்காட்சி நடுவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

ராஜபாளையம் நாய்களை வளர்த்து, குட்டி எடுத்து, விற்கும் அண்ணாச்சிகளுக்கும் அக்காமாருக்கும், கண்காட்சிகளில் அவற்றுக்கு மதிப்பெண் போடும் நடுவர்களுக்கும் வணக்கம்.

எங்கள் தோப்பு ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது. மாவும் தென்னையும் உண்டு, நடுவில் கொஞ்சம் நிலக்கடலை போடுவோம். ஒன்பது வருடங்களுக்கு முன்பு ஒரே ஈத்தில் பிறந்த ஒரு கடுவனையும் ஒரு பொட்டையையும் காவலுக்காக வாங்கி வந்தோம். விற்றவர் இரண்டையும் தூக்கிக் காட்டி, "சுத்தப் பால்வெள்ளை, ரோஸ் மூக்கு, பூனைக்கண்ணு, ஒரு புள்ளிகூடக் கிடையாது" என்றார். உண்மைதான். அதே தொட்டியில் இன்னொரு குட்டியும் கிடந்தது. இடது காதிலும் கன்னத்திலும் செவலை நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மறை, அதாவது வெள்ளை உடம்பில் வேறு நிறத் திட்டு. நல்ல துடிப்பான குட்டி. கேட்டேன். "அது கழிசல் தம்பி, விலைக்குக் கிடையாது" என்றார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. அன்றைக்கு எனக்கும் வெள்ளைதான் வேண்டியிருந்தது.

கடுவனுக்கு வெள்ளையன் என்று பெயர் வைத்தோம். எட்டு மாதம் வரை அவனைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. கேட்டில் ஆள் சத்தம் கேட்டால் இரண்டும் சேர்ந்து ஓடும். சோற்றுத்தட்டு சத்தம் கேட்டால் இரண்டும் எழும். பிறகு சிவகாசியில் இருக்கும் சித்தப்பா கேட்டார் என்று பொட்டையை அவர் வீட்டுக்கு அனுப்பினோம். அதற்கு அடுத்த வாரமே வெள்ளையன் வேறு நாயாகிவிட்டான். கூப்பிட்டால் திரும்பவில்லை. கேட்டைத் தட்டினால் எழவில்லை. தங்கச்சியைப் பிரிந்த ஏக்கம் என்று நினைத்தோம். ஒரு ராத்திரி காட்டுப்பன்றிக் கூட்டம் புகுந்து கடலைக்காட்டைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனது. அவன் கட்டிலுக்குக் கீழே சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தான், அவ்வளவு நிம்மதியாக. காலையில் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போனேன். இரண்டு காதும் கேட்கவில்லை என்றார், பிறவியிலேயே.

எட்டு மாதமும் அவன் சத்தத்தைக் கேட்டு ஓடவில்லை. தங்கச்சி ஓடுவதைப் பார்த்து ஓடியிருக்கிறான்.

இந்த மடலை எழுதக் காரணம் வெள்ளையன் மட்டுமல்ல. அதற்குப் பிறகு ராஜபாளையம் நாய் வைத்திருக்கும் ஆட்களை எங்கே பார்த்தாலும் காதைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தேன். கேட்ட இடமெல்லாம் பதில் ஒன்றுதான்: "ஆமாம், சிலது செவிடாகத்தான் பிறக்கும், வெள்ளை ஜாதி அப்படித்தான்." நம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. தெரிந்தே பல தலைமுறையாகக் கண்டுகொள்ளாமல் இருக்கிறோம்.

இந்த நாய் எதற்காக உருவானது என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பார்ப்போம். 16ஆம் நூற்றாண்டில் மதுரையில் விசுவநாத நாயக்கரும் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தார்கள். அந்தப் பாளையங்களின் காலத்தோடுதான் இந்த நாயின் பெயரும் கதையும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பாளையக்காரர்களின் வேட்டை நாய் என்றும், கோட்டைக் காவல் நாய் என்றும் பெரியவர்கள் சொல்வார்கள். வெள்ளைக்காரனின் குதிரைப்படைக்குள் இந்த நாய்கள் பாய்ந்த கதையை எங்கள் பக்கம் கேட்காத பிள்ளை கிடையாது. அந்தக் கதையில் எவ்வளவு வரலாறு என்று நான் வாதாட வரவில்லை. நாயின் உடம்பைப் பார்த்தாலே அதன் வேலை என்ன என்று தெரியும். கடுவன் தோள் உயரம் 65 முதல் 75 சென்டிமீட்டர் வரை வரும். ஆழமான மார்பு, ஒட்டிய வயிறு, நீண்ட நேரான கால்கள், லேசாக வளைந்த வால். கழுத்தில் தோல் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கும். குட்டை முடி என்பதால் சித்திரை வெயிலையும் தாங்கும். வேட்டை நாய்தான், ஆனால் சிப்பிப்பாறை, கன்னி நாய்கள் மாதிரி முயல் பின்னால் பறக்கும் ஒல்லி உடம்பு கிடையாது. பன்றியை மடக்கி நிறுத்த வேண்டிய நாய், அதனால் எலும்பும் எடையும் கூடுதல். வீட்டில் ஒருவரைத்தான் எஜமானாக ஏற்கும், வெளியாள் தொட்டால் பிடிக்காது. இதெல்லாம் வேலைக்காக வந்த குணங்கள்.

பன்றி வேட்டையை நேரில் பார்த்த தாத்தா எனக்கு இருந்தார். புதருக்குள் பன்றி எங்கே நிற்கிறது என்று கண்ணுக்குத் தெரியாதாம். சருகு மிதிபடும் சத்தத்தில்தான் நாய் திரும்புமாம், ஆள் சீட்டி அடித்தால் வலமோ இடமோ மாறுமாம். காது கேட்காத நாய் அந்தக் காட்டுக்குள் ஒரு நாள் தாங்காது. முதல் வேட்டையிலேயே பன்றியின் கொம்பு அதைக் கிழித்துப் போட்டிருக்கும். பிழைத்து வந்தாலும் அதை யாரும் இணை சேர்க்க மாட்டார்கள். கொடுமைதான், ஆனால் எது கேட்கும் நாய், எது கேளாத நாய் என்பதை அந்த வேலையே பிரித்துக் காட்டியது.

1972இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை படிப்படியாகக் குற்றமானது, அது சரியான முடிவு. மலையில் நரை அணிலும் புலியும் மிஞ்சியிருப்பது நமக்குப் பெருமை, 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமே அறிவிக்கப்பட்டுவிட்டது. எனக்கு வேட்டை திரும்ப வேண்டாம். ஆனால் வேட்டை போனபோது நாயின் காதைச் சோதித்துக்கொண்டிருந்த ஒரே தேர்வும் போய்விட்டது. அந்த இடத்தில் நாம் வேறொரு தேர்வை வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. நிறத்தை மட்டும் பார்த்தோம். வேலை செய்யும் நாயாக இருந்தது, பார்க்க அழகான நாயாக மாறிக்கொண்டே போனது. அந்த அழகு என்றால் பால்வெள்ளை, ரோஸ் மூக்கு, பொன்னிறக் கண் என்று நாமே எழுதி வைத்துக்கொண்டோம். கறுப்பிலும் பழுப்பிலும் மறையோடும் இந்த இனத்தில் குட்டிகள் பிறப்பது புதிதல்ல. அவை என்ன ஆகின்றன என்பது உங்களுக்குத் தெரியும். சில வீடுகளில் பிறந்த அன்றைக்கே ஒதுக்கிவிடுவார்கள். அதற்கு மேல் எழுத எனக்கு மனம் வரவில்லை.

வெள்ளைக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று மருத்துவரிடம் கேட்டேன். அவர் சொன்னதையும் அதற்குப் பிறகு நான் படித்ததையும் சேர்த்து என்னால் முடிந்தவரை சொல்கிறேன்.

தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுப்பவை நிறமிச் செல்கள். கரு வளரும்போது இவை முதுகுத்தண்டுப் பக்கத்தில் தோன்றி உடம்பெங்கும் நகர்ந்து போகின்றன. அதே செல்கள்தான் உட்காதுக்குள்ளும் போய்க் குடியேறுகின்றன. நத்தை ஓடு மாதிரி சுருண்டிருக்கும் அந்தக் காதுச் சுருளுக்குள் இருக்கும் நீரில் பொட்டாசியம் அளவைச் சரியாக வைத்திருக்க அவை வேண்டும். அவை போய்ச் சேராவிட்டால் அங்கே இருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்ப் பட்டை சுருங்கும். ஒலியை வாங்கும் மயிர்ச்செல்கள் குட்டி பிறந்த சில வாரங்களிலேயே செத்துப்போகும். செத்தால் திரும்ப முளைக்காது. முழு வெள்ளை என்றால் நிறமிச் செல்கள் தோலுக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். தோலுக்குப் போகாதவை காதுக்கும் போகாமல் இருக்க வாய்ப்பு கூடுதல். அவ்வளவுதான் சூத்திரம். (இதை அல்பினோவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அல்பினோவில் செல்கள் இருக்கும், நிறம் மட்டும் உண்டாகாது, அதனால் காதுக்குக் கேடில்லை.)

முழு வெள்ளை நிறமும் நீலக்கண்ணும் உள்ள பூனைகள் பெரும்பாலும் செவிடு என்று டார்வின் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். வெள்ளை உடம்பில் புள்ளி விழுந்த டால்மேஷன் நாய்க்கும் இதே கதை. அமெரிக்காவில் சோதித்தபோது சுமார் 30 விழுக்காட்டு டால்மேஷன்களுக்கு ஒரு காதோ இரு காதுமோ கேட்கவில்லை என்று தெரிந்தது. காட்டுப்பன்றி வேட்டைக்கென்றே அர்ஜென்டினாவில் உருவாக்கிய டோகோ நாயும் வெள்ளை, அதிலும் செவிட்டுக் குட்டிகள் பிறக்கின்றன. ஆக நம் ஊர் நாய்க்கு மட்டும் வந்த சாபம் இல்லை இது.

டால்மேஷன் விஷயத்தில் எனக்கு மிகவும் வலித்த செய்தி ஒன்று உண்டு. சில டால்மேஷன் குட்டிகள் பிறக்கும்போதே பெரிய மறையோடு பிறக்கும், பெரும்பாலும் காதிலோ முகத்திலோ. புள்ளிகள் பிறகுதான் வரும், ஆனால் இந்த மறை முதல் நாளே இருக்கும். ஆய்ந்து பார்த்தபோது மறையோடு பிறந்த குட்டிகளில் செவிடு மிகவும் குறைவு என்று தெரியவந்தது. ஆனால் கண்காட்சி விதியில் மறை என்பது குற்றம். நன்றாகக் கேட்கும் குட்டிகளையே விதி வரிசையாக ஒதுக்கிக்கொண்டிருந்தது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமில்லை. "கழிசல்" என்று தொட்டியின் மூலையில் கிடந்த அந்தச் செவலைக் காது குட்டியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எல்லாவற்றிலும் இதுதான் ஆபத்தானது. இரண்டு காதும் கேளாத நாயை எப்படியும் ஒருநாள் கண்டுபிடித்துவிடுவோம். ஒரு காது மட்டும் கேட்கும் நாயைக் கண்டுபிடிப்பது கடினம். கூப்பிட்டால் வரும், தட்டுச் சத்தத்துக்கு எழும். சத்தம் எந்தத் திசை என்று மட்டும் அதற்குப் பிடிபடாது, அதனால் தப்பான பக்கம் திரும்பிப் பார்க்கும். வெள்ளையனின் தங்கச்சி அப்படித்தான் இருந்தாள். வலப்பக்கம் நின்று கூப்பிட்டாலும் இடப்பக்கம்தான் திரும்புவாள். நாங்கள் அதைச் சேட்டை என்று சிரித்துக்கொண்டிருந்தோம். சித்தப்பா வீட்டில் அவள் இரண்டு ஈத்து போட்டாள், இரண்டிலும் செவிட்டுக் குட்டிகள். அவளுக்கு இணையாக வந்த கடுவன் கண்காட்சியில் கோப்பை வாங்கியது.

வீட்டில் சோதிப்பது நம்பகமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். குட்டிக்குப் பின்னால் நின்று கை தட்டுவோம், தட்டை உருட்டுவோம். அது திரும்பினால் கேட்கிறது என்று முடிவு கட்டுவோம். தரையின் அதிர்வுக்கும் காற்றின் அசைவுக்கும் பக்கத்துக் குட்டி எழுந்ததற்கும்கூட அது திரும்பும். ஒரு காதுச் செவிட்டை இதில் பிடிக்கவே முடியாது.

பிடிக்க வழி இருக்கிறது. மருத்துவமனைகளில் பச்சைக் குழந்தைகளுக்குச் செய்யும் 'பெரா' சோதனையேதான். மண்டைத் தோலில் மெல்லிய மின்முனைகளை வைத்து, ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாக 'டிக் டிக்' என்று சத்தம் கொடுத்து, மூளை அதை வாங்குகிறதா என்று திரையில் பார்ப்பார்கள். நாய்க்குட்டிக்கு ஐந்து வாரம் ஆனதும் செய்யலாம். வலி கிடையாது, சில நிமிட வேலை. டால்மேஷன் வளர்க்கும் பல நாடுகளில் குட்டி வீட்டை விட்டுப் போகும் முன்பே இதைச் செய்துவிடுகிறார்கள். நார்வேயில் நீலக்கண் டால்மேஷன்களை இணை சேர்ப்பதிலிருந்து விலக்கினார்கள், செவிட்டுக் குட்டிகளின் எண்ணிக்கை குறைந்தது. மனிதர்கள் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவுதான் அது, நம்மாலும் முடியாதா?

நடுவர்களே, முதலில் உங்களிடம் வருகிறேன். விற்பவர் குட்டியை எதற்காகத் தேர்ந்தெடுக்கிறார்? வாங்குபவர் கேட்கிறார் என்பதற்காக. வாங்குபவர் எதைக் கேட்கிறார்? கோப்பை வாங்கிய நாயின் படத்தில் பார்த்ததை. ஆக நூலின் நுனி உங்கள் கையில்தான் இருக்கிறது. காதில் மறை உள்ள ராஜபாளையம் நாய் ஒன்று நல்ல கட்டோடும் நடையோடும் வளையத்துக்குள் வந்தால் அதை முதல் சுற்றிலேயே அனுப்பிவிடாதீர்கள். அதற்கு ஒரு கோப்பை கொடுத்துப் பாருங்கள். மறுநாளே ஊரில் மறைக் குட்டிகளுக்கு விலை வந்துவிடும். கறுத்த மூக்கும் கருவிழியும் இனக்கலப்பின் அடையாளம் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவதை நிறுத்துங்கள். கலப்பு நடக்கிறது, எனக்கும் தெரியும். உயரம் கூட்டுவதற்காகச் சிலர் கிரேட் டேன் என்ற பெரிய வெளிநாட்டு நாயைக் கலக்கிறார்கள் என்ற பேச்சு நம் வட்டாரத்தில் புதிதில்லை. ஆனால் கலப்பைக் கண்டுபிடிக்க எலும்பையும் தலையையும் நடையையும் பாருங்கள். நிறத்தை மட்டும் அளவுகோலாக வைத்ததால்தான் இங்கே வந்து நிற்கிறோம். பக்கத்தில் சிப்பிப்பாறைக்காரர்களைப் பாருங்கள். செவலை, சாம்பல், மறை என்று எத்தனை நிறத்துக்கு எத்தனை பெயர் வைத்திருக்கிறார்கள்! நம் மாவட்டத்துக்கே தெரிந்த பழக்கம்தான் அது. நாம் மட்டும் ஏன் ஒரே நிறத்துக்குள் மாட்டிக்கொண்டோம்?

வளர்ப்பவர்களிடம் கேட்பது இன்னும் கொஞ்சம் கஷ்டமானது, பணம் சம்பந்தப்பட்டது. இணை சேர்க்கும் முன்பு கடுவனுக்கும் பொட்டைக்கும் இரண்டு காதையும் சோதித்துவிடுங்கள். ஒரு காது போனாலும் அதிலிருந்து குட்டி எடுக்காதீர்கள். அது நல்ல காவல் நாயாகவோ செல்ல நாயாகவோ இருந்துவிட்டுப் போகட்டும், பெற்றோராக வேண்டாம். ஒவ்வொருவரும் தனியாக இதைச் செய்வது செலவு. சேர்ந்து செய்தால் முடியும். சங்கமாகக் கால்நடை மருத்துவக் கல்லூரிகளை அணுகி, ஆண்டுக்கு இரண்டு நாள் ராஜபாளையத்திலேயே காது சோதனை முகாம் நடத்தச் சொல்லிக் கேளுங்கள். நானும் உங்களோடு வந்து நிற்கிறேன், மனு எழுதித் தருகிறேன். தமிழ்நாடு அரசே 2024இல் நாய் இனப்பெருக்கக் கொள்கை வெளியிட்டு, நாட்டு இனங்களைக் காப்பது பற்றிப் பேசியிருக்கிறது. கேட்க இது நல்ல நேரம்.

செவிட்டுக் குட்டி பிறந்துவிட்டால் வாங்குபவரிடம் மறைக்காதீர்கள் என்பதையும் கெஞ்சிக் கேட்கிறேன். வெள்ளையன் இரண்டு வயதில் எங்கள் அக்கா மகளின் கையைக் கடித்துவிட்டான். தூங்கிக்கொண்டிருந்தவனைப் பின்னால் இருந்து பாசமாகத் தொட்டிருக்கிறாள். கேட்காத நாய்க்கு அது இருட்டில் வந்து விழுந்த கை. அவளுக்கு நான்கு தையல். "வெறிநாய், கொண்டுபோய் விட்டுவிடு" என்று ஊரே சொன்னது. அவன் வெறிநாய் இல்லை. அவனைப் பற்றி எங்களுக்கு உண்மை தெரிந்த பிறகும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்காமல் விட்டது எங்கள் தப்பு. முதல் நாளே தெரிந்திருந்தால் முதல் நாளிலிருந்தே பழக்கியிருப்போம். இப்போது எங்கள் வீட்டில் யாரும் அவனைத் தொட்டு எழுப்புவதில்லை. இரண்டடி தள்ளி நின்று தரையில் காலை ஓங்கி மிதிப்போம். தாடையைத் தரையில் வைத்துத்தான் தூங்குகிறான், உடனே கண் திறப்பான். கையை உயர்த்தினால் வா, உள்ளங்கையைக் காட்டினால் நில். ஒன்பது வயதாகிறது. வாயோரம் பக்கத்தில் பார்த்தால் தோல் தளர்ந்திருப்பது தெரியும். ராத்திரி டார்ச் வெளிச்சம் அசைந்தால் இன்றைக்கும் முதலில் எழுவது அவன்தான்.

2005இல் இந்திய அஞ்சல் துறை நம் நாயைத் தபால்தலையில் போட்டது. ஆகஸ்ட் 2020இல் பிரதமர் வானொலியில் இந்திய நாய்களைப் பற்றிப் பேசியபோது ராஜபாளையத்தின் பெயரும் வந்தது. ஏறத்தாழ அதே காலத்தில்தான் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வள நிறுவனம் நாட்டு நாய் இனங்களை முதன்முதலாகப் பதிவு செய்தது. அந்த முதல் மூன்றில் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் இருந்தன, மூன்றாவது கர்நாடகத்தின் முதோல். அதற்குப் பிறகு எங்கள் பக்கம் குட்டி கேட்டு வரும் வெளியூர் வண்டிகள் கூடிவிட்டன. எனக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் தேவை கூடும்போதுதான் பயம். வண்டியில் வருபவர் கேட்பதெல்லாம் வெள்ளையா, மூக்கு ரோஸா என்பதுதான். ஒரு கோப்பைக் கடுவனிடமே ஊரில் பாதிப் பொட்டைகள் இணைக்கு வந்தால் அதன் மறைந்த குறையும் ஒரே வருடத்தில் பத்து வீட்டுக்குப் போய்விடும்.

வெள்ளை ராஜபாளையத்தை ஒழிக்கச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நன்றாகக் கேட்கும் வெள்ளை நாய்கள் நிறைய இருக்கின்றன. நிலா வெளிச்சத்தில் தோப்புக்குள் அவை நடந்து வருவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த வெள்ளையும் இருக்கட்டும், அதோடு காதும் இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

எங்கள் தோப்புக்கு இன்னொரு நாய் வேண்டும். வெள்ளையனால் இனி ராத்திரி முழுக்கச் சுற்ற முடியாது. உங்களில் யார் வீட்டிலாவது அடுத்த ஈத்தில் காதிலோ கன்னத்திலோ மறை விழுந்த குட்டி பிறந்தால், கழிசல் என்று மூலையில் போடாமல் எனக்குச் சொல்லியனுப்புங்கள். பால்வெள்ளைக் குட்டிக்கு என்ன விலை சொல்வீர்களோ அதே விலையைக் கொடுத்து வாங்கிக்கொள்கிறேன். இரண்டு காதுக்கும் சோதனைச் சீட்டு மட்டும் வேண்டும். சோதனைச் செலவும் என்னுடையது.

அன்போடு,
மலையடிவாரத்துத் தோப்புக்காரன் ஒருவன்